5-0 என்ற கணக்கு இடிக்கிறது: கறுப்பினக் கல்லூரிக் கால்பந்தின் முதல் இருபது ஆண்டுகள்

அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகள் தங்களுக்குள் மோதிய முதல் கால்பந்து ஆட்டம் 1892 டிசம்பர் 27 அன்று, வட கரோலினாவின் சாலிஸ்பரியில் நடந்தது. சார்லட் நகரிலிருந்து வந்த பிடில் பல்கலைக்கழகம் உள்ளூர் லிவிங்ஸ்டன் கல்லூரியைத் தோற்கடித்தது. இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால்தான் சிக்கல். பெரும்பாலான இடங்களில் 5-0 என்று இருக்கும். சில இடங்களில் 4-0. எழுதுகிறவர்கள் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். அந்த ஆண்டின் ஆட்ட விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அந்த ஒரு புள்ளி வித்தியாசத்துக்குள் நிறையச் சங்கதி இருப்பது தெரியும்.

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும், ரக்பியிலிருந்து பிரிந்து வந்த ஆட்டம். 1892இல் அதன் புள்ளிக் கணக்கு இப்படி: எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால், அதாவது டச்டவுன் செய்தால், 4. அதன் பிறகு உதைத்து கோல் கம்பத்துக்குள் அனுப்பினால் கூடுதலாக 2. டச்டவுன் இல்லாமலே ஆட்டத்தின் ஓட்டத்தில் உதைத்து கோல் போட்டால் 5. தன் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே சிக்கிக்கொண்டால் எதிரணிக்கு 2. இந்தக் கணக்கில் ஒரு அணி வெறும் 5 எடுக்க ஒரே வழிதான் உண்டு: ஓட்டத்தில் உதைத்த கோல். ஆனால் எல்லா விவரணைகளும் பிடில் அணி டச்டவுன் செய்தது என்றே சொல்கின்றன. டச்டவுன் என்றால் 4. கூடுதல் உதையும் சேர்ந்தால் 6. 5 வராது.

பிறகு 5 எங்கிருந்து வந்தது? 1898இல் டச்டவுனின் மதிப்பு 5 ஆனது, கூடுதல் உதை 1 ஆகக் குறைந்தது. 1912இல் டச்டவுன் 6 ஆகும்வரை அந்தக் கணக்குதான். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் ஆடிப் பழகியவருக்கு 'ஒரு டச்டவுன், உதை தவறியது' என்றால் 5-0 என்றுதான் வாயில் வரும். பிந்தைய கணக்கை முந்தைய ஆட்டத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள் என்பது என் ஊகம். அன்றைய ஆட்டக்காரர்களே தங்களுக்குள் வேறு கணக்கு வைத்துக்கொண்டு ஆடியிருக்கவும் இடமுண்டு. ஆனால் விதிப்படி பார்த்தால் 4-0தான் பொருந்துகிறது.

இரு கல்லூரிகளைப் பற்றிச் சுருக்கமாக. பிடில் 1867இல் பிரஸ்பிட்டீரியன் சபை தொடங்கியது. 1923இல்தான் ஜான்சன் சி. ஸ்மித் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. லிவிங்ஸ்டனை நடத்தியது ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சீயோன் சபை. 1879இல் கன்கார்டில் தொடங்கி, 1882இல் சாலிஸ்பரிக்கு மாறிய கல்லூரி அது. ஆட்டம் நடந்தபோது அதன் தலைவர் ஜோசப் சார்ல்ஸ் பிரைஸ், பெரிய பேச்சாளர், அடுத்த ஆண்டே இறந்துபோனார். பிடிலுக்கு 1891இல்தான் முதல் கறுப்பினத் தலைவராக டேனியல் சாண்டர்ஸ் வந்திருந்தார். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 40 மைல், ஒரே ரயில் பாதை. வட கரோலினாவின் வெள்ளையர் கல்லூரிகள் 1888இலிருந்தே தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் களத்தில் இவர்களுக்கு இடமில்லை.

பிடில் மாணவர்கள் இரண்டு ஆண்டுகளாக ஆட்டத்தைப் படித்துப் பழகியிருந்தார்கள். லிவிங்ஸ்டன் அணி அந்த இலையுதிர்ப் பருவத்தில்தான் உருவானது. இரண்டு ஆண்டுப் பழக்கத்துக்கும் நான்கு மாதப் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த ஆட்டத்தில் ஏன் பெரிது என்பது 1892 விதிகளைப் பார்த்தால்தான் விளங்கும்.

அன்று பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. அது 1906இல் வந்த சலுகை. ஒரு பக்கத்துக்கு 11 பேர்: பந்து இருக்கும் கோட்டின் நெடுக ஏழு பேர், பின்னால் நான்கு பேர். நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் தள்ளுவார், குவார்ட்டர்பேக் எடுப்பார். எடுத்தவர் தானே முன்னால் ஓட முடியாது, இன்னொருவர் கையில் கொடுத்தாக வேண்டும். ஆக, ஒவ்வொரு நகர்விலும் குறைந்தது இரண்டு கைமாற்றம். மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேற வேண்டும், அல்லது 20 கஜம் பின்னால் கொண்டுபோயிருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் பந்து எதிரணிக்கு. பின்னால் போனாலும் பந்து தங்கும் என்பது இன்றைக்கு விசித்திரமாகத் தெரியும், ஆனால் விதி அப்படித்தான்.

1888இலிருந்து இடுப்புக்குக் கீழேயும் ஆளைப் பிடித்து வீழ்த்தலாம் என்று ஆகிவிட்டதால், திறந்த வெளியில் தனியாக ஓடுவது கடினமானது. எனவே எல்லோரும் ஆப்பு வடிவில் நெருங்கி, பந்து வைத்திருப்பவரை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போவார்கள். 1892 நவம்பரில், சாலிஸ்பரி ஆட்டத்துக்கு ஐந்து வாரம் முன்புதான், ஹார்வர்ட் அணி யேல் அணிக்கு எதிராக ஓடிவந்து சேரும் பறக்கும் ஆப்பை முதன்முதலில் இறக்கியது. ஆப்பு ஆட்டத்துக்கு உடல் வலு முதல் தேவை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் முதல் தேவை கால் ஒத்திசைவு. ஒருவர் அரை அடி முந்தினால் ஆப்பின் பக்கச் சுவரில் ஓட்டை விழும். எதிராளி அந்த ஓட்டையில் தோளை நுழைத்துவிட்டால் நடுவில் இருப்பவர் தன் ஆட்களின் காலிலேயே தடுக்கி விழுவார். புத்தகத்தைப் படித்து ஆப்பின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளலாம். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது, எந்தச் சைகைக்கு எல்லோரும் கிளம்புவது என்பதெல்லாம் மைதானத்தில் நூறு முறை செய்துதான் வரும்.

மாற்று ஆட்டக்காரர் விஷயம் இன்னும் கடுமை. காயம் பட்டாலோ, ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டாலோதான் வேறொருவர் வரலாம். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. லிவிங்ஸ்டன் அணியின் பெயர்ப் பட்டியல் இன்றும் கிடைக்கிறது: கேப்டன் ஜே.டபிள்யூ. வாக்கர், மேனேஜர் டபிள்யூ.ஜே. ட்ரென்ட், பிறகு ரென்ச்சர், ரைவ்ஸ், கார்லண்ட், டில்லர்ட், யெல்வர்ட்டன், வேட் ஹாம்ப்டன், பாட்ரிக், டெய்லர், கமிங்ஸ். எண்ணிப் பாருங்கள், மேனேஜரையும் சேர்த்துச் சரியாகப் பதினொன்று. பட்டியல் முழுமையானது என்றால், ஒரு பாதிக்கு 45 நிமிடமாக 90 நிமிடமும் இதே பதினொரு பேர்தான் தாக்கவும் தடுக்கவும் வேண்டும். (வேட் ஹாம்ப்டன் என்ற பெயர் கண்ணில் குத்தும். தெற்கின் அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதியும் பின்னாளில் தென் கரோலினா ஆளுநருமாக இருந்தவரின் பெயர் அது.)

உடுப்பு, காலணி, பந்து மூன்றுக்கும் மாணவர்களே வழி தேட வேண்டியிருந்தது. விதிப்படியான பந்து ஒன்றை லிவிங்ஸ்டன் அணி விலைக்கு வாங்கியது. சீருடையைக் கல்லூரியின் தொழிற்பிரிவில் படித்த பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள். துணி, டக் என்று சொல்லப்படும் தடித்த வெள்ளைக் கித்தான். கம்பளி ஜெர்சியை விட இது இந்த ஆட்டத்துக்குச் சில வகையில் நல்லது. நெருக்க நெய்த கித்தான் விரலுக்குப் பிடி கொடுக்காது. உடம்போடு ஒட்டத் தைத்தால் எதிராளி கொத்தாகப் பிடித்து இழுக்க முடியாது. குறை என்னவென்றால், நனைந்தால் கித்தான் பலகை போல விறைக்கும், தோளை மேலே தூக்க விடாது. அக்குளில் தாராளமாகத் துணி விட்டுத் தைக்காவிட்டால் கையை நீட்டும்போது தையல் முதலில் விடுவது அங்கேதான். முழங்காலுக்கும் தொடைக்கும் திணிப்பு வைப்பார்கள். திணிப்பைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து நிறுத்தாவிட்டால் முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாம் கீழே இறங்கி முழங்காலுக்குக் கீழே மூட்டையாகத் தொங்கும்.

காலணி இன்னும் சுவாரசியம். அன்றாடம் போட்டுக்கொள்ளும் ஷூவிலேயே அடியில் பிடிமானக் கட்டைகளை அடித்துக்கொண்டார்கள். பயிற்சி முடிந்ததும் பிடுங்கிவிடுவார்கள், அடுத்த நாள் மறுபடி அடிப்பார்கள். ஏனென்றால் வகுப்புக்கும் தேவாலயத்துக்கும் போட்டுக்கொள்ள வேறு ஜோடி இல்லை. தோல் அடியில் ஆணியை அடித்துப் பிடுங்கி, அதே துளையில் மறுபடி அடித்தால் என்ன ஆகும் என்று செருப்புத் தைப்பவரைக் கேட்டால் சொல்வார். துளை அகலும், ஆணி பிடிக்காது, துளைக்குள் ஈரம் இறங்கித் தோல் ஊறி மெத்தென்று ஆகும். அப்புறம் கட்டை பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். பக்கத்தில் புது இடம் பார்த்து அடித்தால் பத்துப் பயிற்சிக்குள் அடித்தோல் சல்லடையாகிவிடும். ஆணி நீளம் அரைக்கால் அங்குலம் கூடிப்போனாலும் உள்ளங்காலில் குத்தும். தலைக்கவசம் என்ற பேச்சே இல்லை. 1893இல்தான் கடற்படைக் கழக அணியின் ஒருவர் தோல் தொப்பி செய்து போட்டுக்கொண்டார். கல்லூரி ஆட்டத்தில் அது கட்டாயமானது 1939இல்.

ஆட்டம் நடந்த இடம் லிவிங்ஸ்டன் கல்லூரியின் முன்புறப் புல்வெளி. வாடகைக்கு மைதானம் எடுக்கப் பணம் வேண்டும், கொடுக்கவும் ஆள் வேண்டும். இரண்டும் அரிது. விதிப்படி ஆடுகளம் 110 கஜ நீளம், 53 கஜத்துக்குச் சற்றுக் கூடுதலான அகலம். 5 கஜத்துக்கு ஒரு குறுக்குக் கோடு. கணக்குப் போட்டால் இரு கோல் கோட்டையும் சேர்த்து 23 குறுக்குக் கோடு, இரண்டு பக்கக் கோடு. மொத்தம் சுமார் 1,450 கஜம், அதாவது ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல், கையால் சுண்ணாம்பு போட வேண்டும். முளை அடித்துக் கயிறு கட்டி, கயிற்றை ஒட்டித் தூவிக்கொண்டு போவார்கள். இதில் வழக்கமான தவறு நீற்றாத சுண்ணாம்பைப் பயன்படுத்துவது. வியர்வையும் ஈரமும் பட்டால் தோலைச் சுடும். ஆள்மேல் ஆள் விழும் ஆட்டத்தில் முகம் தரையோடு அழுந்தும்போது கண்ணுக்குள் போனால் பார்வைக்கே ஆபத்து.

இந்தக் கோடுகள்தான் அளவுகோல். பத்துக் கஜச் சங்கிலியோடு ஓரமாக நிற்கும் ஆட்கள் அன்று இல்லை. அதிகாரிகள் இருவர், ஒரு அம்பயர், ஒரு ரெஃப்ரி. லைன்ஸ்மன் என்ற மூன்றாமவர் விதிப்புத்தகத்தில் நுழைந்தது 1894இல். எனவே 5 கஜம் போனார்களா இல்லையா என்பதைத் தரையிலுள்ள கோட்டைப் பார்த்துத்தான் ரெஃப்ரி சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் பனி பெய்தது.

வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் வெள்ளைப் பனி விழுந்தால் கூட்டிப் பெருக்கினாலும் பிரயோசனமில்லை. தரை முழுக்க வெளுத்துக் கிடக்க, கோடு எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இப்படிப்பட்ட நாளில் கரித்தூள் தூவலாம், ஓரங்களில் கொடி நடலாம். அப்படி ஏதும் செய்ததாகத் தெரியவில்லை. பந்தோ ரப்பர்ப் பைக்கு மேல் தோலுறை போட்டது. நனைந்த தோல் நீரைக் குடித்து எடை கூடும், மேற்பரப்பு வழுக்கும். ஒவ்வொரு நகர்விலும் இரண்டு கைமாற்றம் இருக்கும் ஆட்டத்தில் உறைந்த விரல்களும் வழுக்கும் பந்தும் சேர்ந்தால் நழுவல் நிச்சயம். நழுவிய பந்து யார் கையில் அகப்படுகிறதோ அவருடையது.

பிடில் முதல் பாதியில் டச்டவுன் செய்தது. கூடுதல் உதை போகவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. அன்று டச்டவுன் வைத்த இடத்துக்கு நேர் எதிரே பந்தைப் பின்னால் கொண்டுவந்துதான் உதைக்க வேண்டும். ஓரமாக வைத்திருந்தால் கோணம் மிகக் குறுகல். பந்தை ஒருவர் தரையில் குப்புறப் படுத்துக் கையால் பிடித்திருப்பார். உதைப்பவரின் ஊன்றுகால் பனியில் அரை அங்குலம் வழுக்கினாலும் பந்து பக்கவாட்டில் போகும்.

பிறகு லிவிங்ஸ்டனின் வாய்ப்பு. ட்ரென்ட் நழுவிய பந்தைக் கைப்பற்றி ஓடி கோல் கோட்டைத் தாண்டிவிட்டார். பந்தை எடுத்த இடமே களத்துக்கு வெளியே என்றது பிடில். உள்ளேதான் என்றது லிவிங்ஸ்டன். பக்கக் கோட்டைக் காட்டித் தீர்த்திருக்கலாம், கோடுதான் பனிக்கு அடியில் இருக்கிறதே. ரெஃப்ரி பிடில் பக்கம் தீர்ப்பளித்தார். டச்டவுன் செல்லவில்லை. களத்துக்கு வெளியே போன பந்தை எடுத்தவர் அங்கிருந்து ஓடிக்கொண்டே போக முடியாது, பந்தை முதலில் உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஆகவே பந்து கிடந்த இடம் வெளியே என்றால் தீர்ப்பும் சரி. கிடந்த இடம் எது என்பதுதான் இன்றுவரை யாருக்கும் தெரியாத ஒன்று.

இந்தக் கதை நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். விரிவான விவரணை லிவிங்ஸ்டனின் 1930ஆம் ஆண்டு மலரில் டி.எம். மார்ட்டின் எழுதியது. ஆட்டம் முடிந்து 38 ஆண்டு கழித்து. 1930இல் லிவிங்ஸ்டன் கல்லூரியின் தலைவர் யார் தெரியுமா? அதே டபிள்யூ.ஜே. ட்ரென்ட். 1925இல் பொறுப்பேற்று 1957வரை அந்த நாற்காலியில் இருந்தவர். தலைவரின் டச்டவுன் பறிபோன கதையைத் தலைவரின் கல்லூரி மலர் சொல்கிறது. அதனால் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் முதல் பாதியில் பிடில் எப்படி டச்டவுன் செய்தது என்பதற்கு ஒரு வரியும், ட்ரென்ட் ஓட்டத்துக்கு அத்தனை விவரமும் ஏன் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பிடில் தரப்பின் அதே நீளமான விவரணை கிடைத்தால் ஆட்டம் வேறு மாதிரித் தெரியக்கூடும்.

அடுத்த பத்து ஆண்டில் ஆட்டம் தெற்கெங்கும், வடக்கில் சில இடங்களிலும் பரவியது. வாஷிங்டனின் ஹோவர்ட், பென்சில்வேனியாவின் லிங்கன், அலபாமாவின் டஸ்கீகி, அட்லாண்டா பல்கலைக்கழகம் என்று அணிகள் முளைத்தன. நுட்பம் வந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான்: வடக்கே வெள்ளையர் பெரும்பான்மைக் கல்லூரியில் படித்து ஆடிவிட்டு, தெற்கே ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள். மோர்ஹவுஸ் கல்லூரி (1913வரை அதன் பெயர் அட்லாண்டா பாப்டிஸ்ட்) நல்ல எடுத்துக்காட்டு. கோல்கேட்டில் படித்த சாமுவேல் ஆர்ச்சர் அங்கே வகுப்பும் எடுத்தார், அணியையும் தேற்றினார், பின்னாளில் கல்லூரித் தலைவரும் ஆனார். டார்ட்மத்தில் கோட்டின் ஓரத்தில் நிற்கும் எண்ட் இடத்தில் ஆடிய மாத்யூ புல்லக் அதற்கு முன்பு மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், அவரும் அட்லாண்டாவுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். பயிற்சியாளர் என்று தனிச் சம்பளம் கிடையாது. காலையில் பாடம், மாலையில் மைதானம்.

எதிர்த் திசையில் போனவர் வில்லியம் ஹென்றி லூயிஸ். வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க்கில் கறுப்பினத்தவருக்கான நார்மல் பள்ளியில் (ஆசிரியப் பயிற்சிப் பள்ளி) படித்துவிட்டு ஆம்ஹர்ஸ்ட் போனார், 1891இல் அங்கே கேப்டன். பிறகு ஹார்வர்ட் சட்டக் கல்லூரி. அங்கே சென்டர் இடத்தில் ஆடி 1892, 1893 இரண்டு ஆண்டும் அகில அமெரிக்க அணிக்கு, அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியலுக்கு, தேர்வானார், அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். எடை சுமார் 175 பவுண்டு, சென்டருக்கு அன்றைக்கே குறைச்சல்தான். 1896இல் ஆட்டத்துக்கு ஒரு கையேடும் எழுதினார். பீட்டர்ஸ்பர்க் போன்ற பள்ளிகளில் ஆட்கள் இல்லாமல் இல்லை, ஆடுவதற்கு எதிரணிதான் இல்லை என்பதற்கு இவர் கண் முன்னே நிற்கும் சான்று.

மைதானத்துக்குள் இருந்த சிக்கல்களை விட மைதானத்துக்கு வெளியே இருந்த சிக்கல் பெரிது: யார் மாணவர்? அன்றைய கறுப்பினக் 'கல்லூரி' என்பது பெரும்பாலும் ஒரே வளாகத்தில் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, ஆசிரியப் பயிற்சி, தொழிற்பயிற்சி, இறையியல், இவற்றோடு சின்னதாக ஒரு கல்லூரி வகுப்பு. 1917இல் வெளிவந்த, கறுப்பினக் கல்வி பற்றிய தாமஸ் ஜெஸ்ஸி ஜோன்ஸ் அறிக்கை கல்லூரிப் பாடம் ஏதாவது கற்பித்த நிறுவனங்கள் 33 என்று எண்ணியது. அவற்றில் இருந்த 12,700க்கும் மேற்பட்ட மாணவர்களில் கல்லூரிப் பாடம் படித்தவர்கள் 1,600 பேர் சொச்சம். மாநில அரசுகள் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி கட்டித் தராததன் விளைவு இது. சபைக் கல்லூரிகள் அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமந்தன.

இதனால் அணி சேர்க்கும்போது என்ன நடக்கும்? 16 வயது உயர்நிலைப் பள்ளிப் பையனும், பத்தாண்டு உழைத்துக் காசு சேர்த்துப் படிக்க வந்த 28 வயது இறையியல் மாணவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பள்ளிப் பிரிவில் நுழைந்து, கல்லூரி முடித்து, இறையியலும் படிப்பவர் எட்டு, பத்து ஆண்டு ஆடலாம், தடுக்க விதி இல்லை. ஒரு பருவம் இங்கே, அடுத்த பருவம் பக்கத்து ஊரில் என்று போகிறவர்களும் இருந்தார்கள். பயிற்சியாளரே உடுப்பு மாட்டிக்கொண்டு இறங்கியதும் உண்டு. இவற்றையெல்லாம் மோசடி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக் கூடாது. 200 ஆண்களில் பலரும் வேலை செய்து படிக்கும் வளாகத்தில், மாலை நான்கு மணிக்குப் பயிற்சிக்கு வரக்கூடிய 11 பேரைத் தேடுவதே பெரும்பாடு. ஆனால் எதிரணிக்காரன் பார்வையில் அது மோசடிதான். தோற்ற அணி கடிதம் எழுதும், வென்ற அணி பதில் எழுதும், அடுத்த ஆண்டு ஆட்டம் நின்றுபோகும்.

பணமும் அப்படித்தான். வெளியூர் ஆட்டம் என்றால் வருகிறவர்களின் ரயில் கட்டணத்துக்கு நடத்துகிறவர் முன்கூட்டியே உத்தரவாதம் தர வேண்டும். மழை பெய்து கூட்டம் வராவிட்டால் அந்தத் தொகை கையைக் கடிக்கும். வட கரோலினாவில் 1899இல் ரயிலில் இனப் பிரிவினைச் சட்டம் வந்தபின், கட்டணம் ஒன்றே என்றாலும் கிடைத்த பெட்டி வேறு. ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் ஹோட்டல் கிடையாது. எதிரணியின் விடுதியிலேயே படுக்க வேண்டும், அவர்கள் சாப்பாட்டு அறையிலேயே சாப்பிட வேண்டும். மதியம் மூக்கில் குத்தியவரோடு இரவு ஒரே மேசை.

1906இல் விதிகள் தலைகீழானபோது இன்னொரு சுமை. முன்னோக்கி எறியலாம் என்று வந்தது. ஆனால் எறிபவர் சென்டரிலிருந்து பக்கவாட்டில் 5 கஜமாவது விலகியிருக்க வேண்டும். அதை அளக்க ஆடுகளத்தில் நெடுக்கிலும் 5 கஜத்துக்கு ஒரு கோடு தேவைப்பட்டது. சதுரங்கப் பலகை போல இருந்தது களம். முன்பு சொன்ன 1,450 கஜத்தோடு இன்னும் ஆயிரம் கஜத்துக்கு மேல் சுண்ணாம்பு. தேவையான முன்னேற்றமும் மூன்று முயற்சிக்கு 10 கஜம் என்று கூடியது. ஆப்பு தள்ளியே காலத்தை ஓட்டிய அணிகள் திணறின. வடக்கே அண்மையில் ஆடிவிட்டு வந்த ஆசிரியர் இருந்த அணிகள் முந்திக்கொண்டன.

ஒழுங்கு கொண்டுவரும் வேலை முதலில் கல்லூரிகளில் தொடங்கவில்லை. வாஷிங்டனின் கறுப்பினப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த எட்வின் ஹென்டர்சன், ஹார்வர்டில் கோடைப் பயிற்சி பெற்றவர், 1906இல் மத்திய அட்லாண்டிக் மாநிலப் பள்ளிகளுக்காக ஒரு விளையாட்டுச் சங்கத்தை நிறுவத் துணை நின்றார். ஹோவர்டைச் சேர்ந்த வில்லியம் ஜாய்னரோடு சேர்ந்து 1910 முதல் 1913வரை ஆண்டுதோறும் ஒரு கையேடு வெளியிட்டார். ஸ்பால்டிங் நிறுவனத்தின் விளையாட்டு நூல் வரிசையில் வந்தது அது. அணிப் படங்கள், முடிவுகள், கூடவே யார் ஆடலாம் என்ற விவாதம். இன்றைக்கு அந்தக் கால அணிகளைப் பற்றித் தேதியோடும் பெயரோடும் பேச முடிகிறது என்றால் அதற்குப் பெரும் பங்கு இந்த மெல்லிய கையேடுகளுக்கு.

1912இல் ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் ஹாம்ப்டன், ஹோவர்ட், லிங்கன், ஷா, வர்ஜீனியா யூனியன் ஐந்தும் கூடிக் கறுப்பினக் கல்லூரிகளுக்கிடையிலான விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கின. சி.ஐ.ஏ.ஏ. என்ற பெயரில் இன்றும் இயங்குவது அதுதான். ஹாம்ப்டனின் சார்ல்ஸ் வில்லியம்ஸ், ஹோவர்டின் எர்னஸ்ட் மார்ஷல், லிங்கனின் ஜார்ஜ் ஜான்சன் போன்றவர்கள் முன்னின்றார்கள். அடுத்த ஆண்டே ஆழ்தெற்குக் கல்லூரிகளுக்கு மோர்ஹவுஸில் இன்னொரு சங்கம், 1920இல் டெக்சாஸ் கல்லூரிகளுக்கு ஹூஸ்டனில் மற்றொன்று. சங்கம் வந்ததும் கைவைக்க வேண்டியிருந்தது மேலே சொன்ன அதே புண்களில்: எந்தப் பிரிவு மாணவர் ஆடலாம், எத்தனை ஆண்டு ஆடலாம், கல்லூரி மாறியவர் எவ்வளவு காத்திருக்க வேண்டும், புகார் வந்தால் யார் விசாரிப்பது. ஒரே நாளில் எதுவும் தீரவில்லை. கல்லூரி வகுப்பு மாணவர்கள் மட்டும் என்று கறாராக நின்றால் சிறு நிறுவனங்களுக்கு 11 பேர் தேறமாட்டார்கள் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாம்பியன் யார் என்று பத்திரிகை வழியே ஆண்டுதோறும் சொல்லும் வழக்கம் 1920இல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின இதழோடு தொடங்கியது. முதல் ஆண்டே ஹோவர்டுக்கும் அலபாமாவின் டல்லடேகா கல்லூரிக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வெற்றி தோல்விப் பட்டியல்களை எடுப்பவர்கள் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் எதிரணிப் பத்தியைப் பார்ப்பது நல்லது. ஒய்.எம்.சி.ஏ. அணி, நகரக் கழகம், உயர்நிலைப் பள்ளி, சில நேரம் சொந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள், எல்லாமே அங்கே 'ஆட்டம்' என்ற கணக்கில் வரிசையாக நிற்கும்.